தேய்ந்த கொக்கியும் கொழுத்த லாபமும்

கரண்டு போகிறது. பஞ்சாலையில் ரிங் பிரேம்கள் நிற்கின்றன, இழைகள் அறுகின்றன. மறுபடி ஓட்டம் பிடிக்கும்வரை சூப்பர்வைசரின் ஏச்சு தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது. கிராமத்தில் பம்புசெட் நிற்கிறது. தண்ணீர் பாயாத வயலில் நடவு இல்லை. வேலைக்கு வந்த பெண்கள் கூலியின்றி வீடு திரும்புகிறார்கள். மின்தடையால் முதலாளிக்குக் குறைவது லாபம். உழைப்பாளிக்குப் போவது அன்றைய சோறு.

இந்தக் கஷ்டத்தைக் காட்டியே ஒரு கூட்டம் பிரசாரம் செய்கிறது. மின்சாரத்தைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் விளக்கு அணையவே அணையாதாம்! முதலாளித்துவப் பத்திரிகைகள் இதற்குத் தாளம் போடுகின்றன. மத்திய சர்க்கார் 2022 ஆகஸ்டில் மின்சாரத் திருத்த மசோதாவை மக்களவைக்குக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் சண்டிகர் நகரத்தின் மின் விநியோகம் தனியார் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது!

தோழர்களே! இந்த ஓநாய்க் கண்ணீரை நம்புவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்போம். கரண்டு ஏன் போகிறது? போகாமல் காப்பது யார்?

கரண்டைக் காக்கும் கைகள்

சப்-ஸ்டேஷனில் நிற்கும் பெரிய டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். அதற்குள் எண்ணெய் நிரம்பியிருக்கிறது. சுருள்களின் சூட்டை வாங்கி வெளியே விடுவதும், மின்சாரம் கண்டபடி தாவிப் பாயாமல் தடுப்பதும் அந்த எண்ணெய்தான். பளு குறைந்து எண்ணெய் ஆறும்போது டிரான்ஸ்பார்மர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு ஈரம் புகுந்தால் எண்ணெய் கெட்டுவிடும். அதைத் தடுக்கப் பக்கத்தில் ஒரு குடுவையில் சிலிக்கா மணிகளை வைத்திருக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, நீல மணிகள் ரோஜா நிறமாக மாறும். நிறம் மாறியதைப் பார்த்து மணிகளை மாற்ற ஒரு மனிதன் வரவேண்டும். எண்ணெயை எடுத்துச் சோதிக்க ஒரு மனிதன் வரவேண்டும். யாரும் வராவிட்டால் ஒருநாள் சுருள் எரியும், ஊர் இருளும்.

லைனிலும் இதே கதைதான். பீங்கானில் விரிசல் விட்டிருந்தால் மழை பெய்ததும் மின்சாரம் அதன் வழியே கசியும். ஜம்பர் இணைப்பு நெகிழ்ந்தால் சூடேறிக் கருகும். மரக்கிளை கம்பியை உரசினால் காற்றடித்த இரவில் பீடர் முழுவதும் நின்றுபோகும். எர்த் கம்பி துருவேறி அற்றுப்போனால் ஆபத்து நேரத்தில் பியூஸ்கூடப் போகாது. மனித உயிர்தான் போகும்.

இவற்றையெல்லாம் ஓடுகிற லைனில் ஏறிச் சரிசெய்ய முடியுமா? முறைப்படி லைன் கிளியர் வாங்கி, சுவிட்சைத் திறந்து, கம்பியில் கரண்டு இல்லை என்று சோதித்து, எர்த் ராடு மாட்டிய பிறகே கம்பத்தில் ஏற வேண்டும். மாதப் பராமரிப்பு என்று முன்கூட்டிச் சொல்லிக் கரண்டை நிறுத்துவது இதற்காகத்தான். சொல்லி நிறுத்தும் சில மணி நேரம், சொல்லாமல் வரும் பல மணி நேர இருட்டைத் தடுக்கிறது.

ஆக, பராமரிப்பு என்றால் மனித உழைப்பு. அது ஒழுங்காக நடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. எதுவும் கெடாமல் இருப்பதே அதன் பலன். கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவைத்தான் லாபக் கணக்கு எழுதுகிறவன் முதலில் வெட்டுகிறான்.

பாரடைஸ் எரிந்த கதை

வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்குத் தனியார் துறையின் கோட்டையான அமெரிக்காவே சாட்சி. கலிபோர்னியாவின் வடபகுதியில் மின்சாரம் வழங்குவது பசிபிக் காஸ் அண்டு எலெக்ட்ரிக் என்ற தனியார் கம்பெனி. அதன் மலைப்பாதை லைன் ஒன்று 1,15,000 வோல்ட் மின்சாரத்தைச் சுமந்து நின்றது. அந்த லைன் 1921-ல் போடப்பட்டது. கம்பியையும் பீங்கானையும் கோபுரத்தில் தொங்கவிட்டிருந்தது ஓர் இரும்புக் கொக்கி. வாங்கியபோது அதன் விலை ஒரு டாலர்கூட இல்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்தக் கொக்கி காற்றில் ஆடி ஆடித் தேய்ந்தது. யாரும் அதை மாற்றவில்லை. 2018 நவம்பர் 8-ந் தேதி காலை கொக்கி அறுந்தது. கம்பி கோபுரத்தில் மோதித் தீப்பொறி சிதறியது. காய்ந்த புல் பற்றிக்கொண்டது. பாரடைஸ், அதாவது சொர்க்கம் என்று பெயர் கொண்ட ஊர், சில மணி நேரத்தில் சாம்பலானது. 85 பேர் மாண்டார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

வறட்சியும் பலத்த காற்றும்தான் காரணம் என்று கம்பெனியின் வக்காலத்துக்காரர்கள் சொல்லலாம். காற்று தீயைப் பரப்பியது, உண்மைதான். பொறியைத் தந்தது யார்? 2020 ஜூனில் 84 பேரின் மரணத்துக்குக் குற்றவாளி என்று கம்பெனியே கோர்ட்டில் ஒப்புக்கொண்டது! தண்டனை என்ன? அபராதம். ஒரு டைரக்டர்கூடச் சிறைக்குப் போகவில்லை.

காசு இல்லாமலா கொக்கி தேய்ந்தது? இல்லை. பங்குதாரர்களுக்குப் பல ஆண்டுகள் டிவிடெண்ட் போனது; லைனை ஒட்டிய மரங்களை வெட்டும் வேலை மட்டும் பாக்கி கிடந்தது. அந்த வேலையை ஒழுங்காக முடிக்கும்வரை டிவிடெண்ட் தரக் கூடாது என்று 2019 ஏப்ரலில் நீதிபதி வில்லியம் ஆல்சப் உத்தரவிட வேண்டிவந்தது. முதலாளித்துவ நாட்டின் நீதிபதியே நோய் எங்கே இருக்கிறது என்று விரல்விட்டுக் காட்டினார்.

அந்த ஆண்டு அக்டோபரில் கம்பெனி செய்தது என்ன? காற்று பலமாக வீசும், நம் லைனில் தீப்பிடித்துவிடும் என்று பயந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்டையே நிறுத்தியது! விளக்கு அணையவே அணையாது என்றார்களே, அந்தத் தனியார் சொர்க்கத்தின் லட்சணம் இதுதான்.

அதே நவம்பரில் இங்கே

பாரடைஸ் எரிந்த எட்டாம் நாள், 2018 நவம்பர் 16-ந் தேதி, நம் டெல்டாவைக் கஜா புயல் தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து குவிந்தார்கள். வண்டி போக முடியாத சேற்று வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்தார்கள். ஒரு கிராமத்துக்கு லைன் இழுத்தால் எத்தனை ரூபாய் வருமானம் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. லாபத்துக்காக ஓடும் கம்பெனி அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்குமா? நாலு குடிசை உள்ள சேரிக்கும் கடைக்கோடி பம்புசெட்டுக்கும் முதலில் வருமா, கடைசியில் வருமா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

பொதுத்துறையாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 1957-ல் அமைந்த மின்வாரியத்தை 2010-ல் பிரித்தார்கள், 2024-ல் மறுபடியும் பிரித்தார்கள். பலகைகள் பெருகின, கம்பத்தில் ஏறும் கைகள் பெருகவில்லை. பல்லாயிரம் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஒரே வயர்மேன் பல ஊர்களைப் பார்க்க ஓடுகிறார். நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி கூலிக்குச் செய்கிறார். இருவர் போக வேண்டிய இடத்துக்கு ஒருவர் போகிறார். லைன் கிளியருக்குக் காத்திருக்க நேரம் தராமல் அவசரப்படுத்துகிறார்கள். கம்பத்திலேயே கருகிய தொழிலாளியின் குடும்பத்துக்கு, அவர் எங்கள் ஆளே இல்லை என்ற பதில் வருகிறது! பணியிடங்களை நிரப்பாமல் சர்க்கார் மிச்சம் பிடிப்பதற்கும், கொக்கியை மாற்றாமல் கம்பெனி மிச்சம் பிடித்ததற்கும் என்ன வித்தியாசம்? பொதுத்துறையைப் பட்டினி போட்டு மெலியவைத்து, மெலிந்துவிட்டதே என்று காட்டித் தனியாருக்கு விற்கும் சூழ்ச்சிக்கே இது வழி திறந்துவிடுகிறது.

கம்பத்தில் ஏறுகிறவர் யார்? விவசாயத் தொழிலாளியின் மகன், ஆலைத் தொழிலாளியின் தம்பி. கரண்டு போனால் அவரை ஏசுவதால் பயனில்லை. தாழ்ந்து தொங்கும் கம்பியையும் விரிசல் விட்ட கம்பத்தையும் கண்டால் கம்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரார் பத்துப் பேர் கையெழுத்திட்டுப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அந்த மனுவிலேயே இந்தக் கோரிக்கைகளையும் எழுதுங்கள்:

காலிப் பணியிடங்களை உடனே நிரப்பு! ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு! பாதுகாப்புச் சாதனமின்றி ஒரு தொழிலாளியையும் கம்பத்தில் ஏற்றாதே! மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடு!

ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் மின் ஊழியரும் ஒன்றாக நின்று இந்தக் கோரிக்கைகளை வென்றெடுப்போம். மின்சாரம் மக்கள் சொத்து. அதைத் தேயவும் விடமாட்டோம், விற்கவும் விடமாட்டோம்!