கொட்டகைச் சூட்டுக்குத் துளசி மருந்தாகாது

துளசியும் அமுக்கராப் பொடியும் தீவனத்தில் கலந்துவிட்டால் கோழியின் கோடை அயர்ச்சி தீர்ந்துவிடும் என்பது கோழி வளர்ப்போரிடம் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. கடலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் அருகிலுள்ள பள்ளிக்கரணையில் இதை நம்பிச் சும்மா இருப்பது ஆபத்து. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டியது. அலகைத் திறந்து, தொண்டை படபடக்க, இறக்கையை விலக்கித் தொங்கவிட்டு நிற்கும் கோழி மிரண்டு நிற்கவில்லை. மூச்சில் நீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியே தள்ளப் போராடுகிறது. கடலும் சதுப்பும் ஈரமாக்கிய காற்றில் அந்த ஆவியாதல் மந்தப்படும். இரைக்க இரைக்க இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடும் மெலியும். அமைதி தரும் மூலிகை இதில் எதைத் தடுக்கும்? மேலும், வெயில் ஏறினால் கோழி முதலில் ஒதுக்குவது தீவனத்தைத்தான். மருந்து வேண்டிய வேளையில் மருந்து உள்ளேயே போவதில்லை.

ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறதே என்பார்கள். துளசி, அமுக்கரா, நெல்லி சேர்த்த தீவனத்தால் எடையோ எதிர்ப்புத் திறனோ கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முறையான ஆய்வில் மூலிகை தின்ற கோழிக்கும் தின்னாத கோழிக்கும் இடமும் தண்ணீரும் பராமரிப்பும் ஒன்றே. நல்ல பராமரிப்பின் மேல் கிடைத்த கூடுதல் பலனை, பராமரிப்புக்கே மாற்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இயற்கைப் பொருள் கெடுதல் செய்யாது என்பதும் சரியல்ல. அமுக்கரா சுண்டெலிகளில் தைராக்சினைக் கூட்டியதுண்டு. உடற்சூட்டை ஏற்றும் ஹார்மோன் அது. கோழிக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல வரவில்லை. கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடும் பொருளல்ல என்கிறேன். சரியாகக் காயாத பொடியில் பூஞ்சை பிடித்தால் நஞ்சும் சேரும். முன்னோர் கொடுத்தார்களே என்றால், அவர்களுடைய கோழி தகரக் கூரையின்கீழ் அடைபட்டிருக்கவில்லை. மர நிழலில் மேய்ந்து மண்ணில் புரண்டது.

கொட்டகையை மாற்ற ஏழைக்குப் பணம் ஏது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பொடிக்கும் பணம் வேண்டுமே. அதைக் கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்பவும் வெள்ளையடிக்கவும் செலவிடலாம். கூட்டில் நெரிசலைக் குறைத்து, தண்ணீரை நிழலில் வைத்து அடிக்கடி மாற்றி, தீவனத்தை விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும் வைக்கலாம். காற்றோட்டம் இல்லாமல் தண்ணீர் தெளிப்பது மட்டும் வேண்டாம்; புழுக்கம்தான் கூடும். சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். இத்தனையும் செய்த பிறகு துளசி போடுங்கள், தடையில்லை. முதலில் நிழல், காற்று, தண்ணீர். மூலிகை அதற்குப் பிறகுதான்.