புதுப் பாட்டெல்லாம் இரைச்சலா?



போன மாதச் சுவர் இதழில் "பழைய பாட்டே பாட்டு" என்று ஒரு கட்டுரை வந்தது ஞாபகம் இருக்கும். எழுதியது நான்தான். புதுப் பாட்டு எல்லாம் வெறும் இரைச்சல், அர்த்தமே கிடையாது என்று பெரிய மனுஷி மாதிரி எழுதியிருந்தேன். தமிழம்மா நல்லா இருக்கு என்று சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் "பாட்டி வர்றாங்க, வழி விடு" என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. என் பக்கத்தில் உட்காரும் தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புதுப் பாட்டு எத்தனை முழுசா கேட்டிருக்க, சொல்லு?"

எண்ணிப் பார்த்தேன். மூன்று. அதிலும் ஒன்று மினி பஸ்ஸில், இரண்டு பங்குனித் திருவிழாவில் மைக்செட் குழாயில். மூணு பாட்டைக் கேட்டுவிட்டு முப்பது வருஷத்துப் பாட்டுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சத்துணவு முட்டைகூட இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எனக்குப் பழைய பாட்டு பிடித்துப்போகக் காரணம் என் தாத்தா. அவர் டீக்கடை வைத்திருந்தவர். கடையில் பால் சட்டி அடுப்பில் ஏறும் முன்னாடியே ரேடியோ பாட ஆரம்பித்துவிடுமாம். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரலை எல்லாம் இன்றைக்கும் தாத்தா பேசிக் காட்டுவார். படம் எது, இசை யார், எழுதியவர் யார், பாடியவர் யார் என்று சொல்லித்தான் பாட்டுப் போடுவார்களாம். அதனால் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய தாத்தாவுக்கு எது கண்ணதாசன், எது மருதகாசி, எது வாலி என்று பாட்டைக் கேட்டதும் தெரியும். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இப்போது தாத்தாவுக்கு இரண்டு வருஷமாகக் காது மந்தம். அறிவியல் சாரிடம் கேட்டேன். வயதாகும்போது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும், அதனால் பேசுவது காதில் விழும், ஆனால் என்ன சொல் என்று பிரியாது என்றார். பழைய பாட்டு என்றால் தாத்தாவுக்கு மனப்பாடம். காதில் விழாத சொல்லை மனசே போட்டு நிரப்பிக்கொள்ளும். புதுப் பாட்டுக்கு அப்படி நிரப்ப ஒன்றும் இல்லை. "எனக்கு இனிமே புதுசா எதுவும் விழாது தாயி, பழசே போதும்" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது. காது இன்னும் மோசமாவதற்குள் ஒரு புதுப் பாட்டாவது அவருக்குப் பிடிக்க வைக்கணும் என்று நினைத்தேன்.

எப்படித் தேடுவது? அதற்கும் தாத்தாவே வழி சொன்னார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவுக்கு முதல் படம். அப்போது தாத்தாவுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் தவிர வேறு யாரும் இசையமைப்பாளரே இல்லையாம். யாரோ ஒரு புதுப் பையன் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தப் படத்தில் டி.எம்.சௌந்தரராஜனும் பாடியிருந்தார். "டி.எம்.எஸ். குரல் தெரிஞ்ச குரலு. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனேன். அப்புறம் வெளிய வரவே இல்ல" என்றார்.

நானும் அப்படியே செய்தேன். அம்மா போன் எனக்குக் கிடைப்பது ராத்திரி எட்டு மணிக்கு மேல், அதுவும் அரை மணி நேரம். அதில் தெரிந்த பெயர்களாகப் பிடித்துக்கொண்டு போனேன். பி.சுசீலா 1993இல் 'புதிய முகம்' படத்தில் ஏ.ஆர்.ரகுமானுக்குப் பாடியிருக்கிறார். 2010 கோவை செம்மொழி மாநாட்டுப் பாட்டுக்கு ரகுமான் இசை, அதில் டி.எம்.எஸ்ஸும் உண்டு. தாத்தாவுக்கு அது தெரியவே தெரியாது. குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் இவை எல்லாம் தெரிந்த குரல். தெரியாத குரலுக்குப் போக வேண்டாமா? அப்போதுதான் ஒன்று யோசித்தேன். எனக்குப் பழைய பாட்டில் பிடித்தது அது பழசு என்பது இல்லை. குரல் முன்னால் நிற்கும், வாத்தியம் பின்னால் நிற்கும், சொல் தெளிவாக விழும், அதுதான் பிடித்தது. அப்படி இருக்கிற பாட்டு இப்போதும் வருகிறதா என்று தேடினால் வருகிறது!

2014இல் வந்த 'சைவம்' என்று ஒரு படம். தாத்தாவும் பேத்தியும் வருகிற கதை. இசை ஜி.வி.பிரகாஷ். அதில் உத்தரா உன்னிகிருஷ்ணன் என்ற சின்னப் பெண் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறாள். பத்து வயதிலேயே அதற்குத் தேசிய விருது. எழுதிய நா.முத்துக்குமாருக்கும் விருது. போனைத் தாத்தா காதோரம் வைத்து, சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். (எவர்சில்வர் சொம்புக்குள் போனை வைத்தால் சத்தம் கூடும் என்று தம்பி சொன்னான். கூடுகிறது, ஆனால் சொல் எல்லாம் குழம்பிப்போகிறது. வேண்டாம்.) முதல் நாள் தாத்தா "சின்னப் புள்ளையா பாடுது?" என்றார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் "எழுதினது யாரு?" என்று கேட்டார்.

தாத்தா அப்படிக் கேட்டால் பாட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பெயரைச் சொன்னேன். "இன்னும் எழுதுறாரா?" என்றார். 2016இல் இறந்துவிட்டார், 41 வயதுதான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கண்ணதாசனும் 54லயே போயிட்டாரு" என்றார்.

மறுநாள் வகுப்பில் பெருமையாகச் சொன்னால், என் தோழி "2014 எல்லாம் புதுசாடி? அப்ப நாம பால்வாடிக்கே போகல" என்கிறாள்! அவளுக்காக இன்னும் கிட்டத்தில் தேடினேன். 2021இல் 'கர்ணன்' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் கிடாக்குழி மாரியம்மாள் பாடியது எங்கள் அப்பத்தாவுக்கே பிடித்துவிட்டது. வயல்காட்டில் கேட்ட தொண்டை மாதிரி இருக்கு என்றது. 2023இல் 'விடுதலை'க்கு இசை யார் தெரியுமா? 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்த இளையராஜாதான். இது போங்கு ஆட்டம், அவர் பழைய ஆள் என்று தோழி ஒத்துக்கொள்ளவில்லை. நான் விடவில்லை. நம் வகுப்புப் பையன்கள் 'லப்பர் பந்து' பாட்டு என்று டெஸ்க்கைத் தட்டிப் பாடுகிறீர்களே, அது 1989இல் வந்த 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு, அதுவும் இளையராஜாதான். 2024 படத்தின் வழியாக நீங்கள் பழசுக்கு வந்திருக்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் இருந்து வருகிறேன்.

அதற்காக நான் எழுதியது முழுக்கத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். கதாநாயகன் பெயரைக் கத்துவதையே பாட்டு என்று சொன்னால் எனக்கு இப்போதும் பிடிக்காது. இன்னொன்று, போனில் பாட்டைத் தட்டினால் கதாநாயகன் படம் பெரிதாக வருகிறது, எழுதியவர் பெயரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ரேடியோவில் முதலில் சொன்ன பெயர் இப்போது கடைசிக்குப் போய்விட்டது. இதில் எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் இரைச்சல் என்றேனே, அது பாதி குழாயின் குற்றம். அந்தக் குழாயில் சுசீலாவைப் போட்டாலும் தகர டப்பாதான். அந்தக் காலத்தில் மோசமான பாட்டே இல்லையா என்றும் தாத்தாவிடம் கேட்டேன். "நிறைய! வந்தா ரேடியோவ அமத்திட்டு டீ ஆத்தப் போயிருவேன்" என்றார். ஆக, தாத்தா எனக்குக் கொடுத்தது எல்லாம் சலித்த மாவு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு அரைத்த மாவில் தவிடு இருக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

இந்தத் தாளுக்குக் கீழே பழைய நோட்டு அட்டையில் ஒரு உறை செய்து ஒட்டியிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த புதுப் பாட்டு ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள். ஆசிரியர்களும் போடலாம். படத்தின் பெயர் மட்டும் போதாது. எழுதியவர், பாடியவர் பெயரும் வேண்டும். தாத்தா கேட்பார்.

- 9ஆம் வகுப்பு மாணவி