பச்சை லைற்றை நம்பாதேங்கோ

ஒரு சேர்வரில 10 மெய்நிகர் கணினிகள் ஓடுது எண்டு வைப்பம். சிபியு கிடைக்கும்வரை வரிசையில் காத்திருக்கும் நேரம் ஒன்பதுக்கு 1 வீதம். பத்தாவதுக்கு 21 வீதம். சராசரி எடுத்தால் 3 வீதம்தான், திரையில பச்சை. பத்தாவதில வேலை செய்யிற பிள்ளை “சிஸ்டம் இழுக்குது” எண்டு சொன்னால் ஆரும் நம்பமாட்டினம்.

விஎம்வெயாரின் ஒப்பரேஷன்ஸ் மென்பொருளில் ‘சுப்பர் மெற்றிக்’ எண்டொரு வசதி இருக்கு. தேவையான கணக்கை நாங்களே எழுதலாம். அதில சராசரிக்குப் பதிலா உச்சத்தைக் கேட்டால் அந்த 21 முன்னுக்கு வந்து நிற்கும். எழுதினாப்பிறகு பொலிசியில இயக்கிவிடவும் வேணும். இல்லாட்டி சூத்திரம் சும்மா கிடக்கும்.

உச்சத்தை மட்டும் பார்த்தால் சின்னத் துள்ளலுக்கும் அலாரம் அடிக்கும் எண்டு சிலர் சொல்லுவினம். நியாயம்தான். அப்ப, 5 வீதத்தைத் தாண்டினது எத்தனை எண்டு எண்ணுறதுக்கும் ஒரு சூத்திரம் எழுதுவம். எந்தக் கணக்கைத் தெரிவு செய்யிறம் எண்டதிலதான் ஆற்றை முறைப்பாடு காதில விழும் எண்டது முடிவாகுது. சராசரியை மட்டும் காட்டி “பிரச்சினை இல்லை” எண்டு ஒருத்தரையும் திருப்பி அனுப்பாதேங்கோ.