உலைப் புகையும் கந்தகமும்

மோட்டார் வண்டிகளுக்குரிய டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் கந்தகம் இருத்தலாகாது என்னும் விதி 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடெங்கும் அமுலில் இருந்து வருகிறது. அதற்கு முன் 50 பங்கு வரை அனுமதி இருந்தது. மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலை உள்பட நம் ஆலைகள் இக்கட்டளையை நிறைவேற்றியிருப்பது பாராட்டத்தக்க காரியமே. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓயாது ஓடும் லாரிகளின் புகையைச் சுவாசிக்கும் ஜனங்களுக்கு இதனால் ஏற்பட்ட நன்மை சிறிதல்ல.

ஆனால் சாலையில் காட்டிய கண்டிப்பு உலையின் வாயிலில் நின்றுவிட்டது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கையில் கந்தகத்தின் பெரும் பகுதி அடிவண்டலிலேயே தங்குகிறது. அந்த வண்டலே பர்னஸ் ஆயில் என்னும் பெயரால் உலைகளுக்கும் கொதிகலன்களுக்கும் விற்கப்படுகிறது. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு கந்தகம் இருப்பது அபூர்வமன்று. அத்தகைய எண்ணெய் ஒரு டன் எரிந்தால் சுமார் 60 கிலோ கந்தக டையாக்ஸைடு வெளியேறும். ஒரு டன் டீசல் எரிந்தால் 20 கிராமுக்கு மேல் இராது. அம்பத்தூரில் ஒரு லாரிக்கு ஒரு நியாயமும், அது சரக்கு ஏற்றும் பட்டறையின் உலைக்கு மூவாயிரம் மடங்கு சலுகையும் வழங்குவது எவ்வகை நீதி?

கடலின் நிலைமையும் இதைவிட மேலானது. புகையைக் கழுவும் சாதனமில்லாத கப்பல்கள் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கந்தகமுள்ள எண்ணெயை எரிக்கலாகாதென்று 2020 ஜனவரி முதல் சர்வதேச விதி இருக்கிறது. 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய மூன்று ராஜ்யங்களில் பர்னஸ் ஆயிலின் உபயோகத்தைத் தடுத்தது. டில்லிவாசிகளின் சுவாசப்பைக்கு ஆகாதது ஆவடிவாசிகளுக்கு மட்டும் ஆகுமோ?

கந்தகத்தைப் பிரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் கையாளும் முறைக்கு ஹைட்ரஜன் வாயு வேண்டும். 300 முதல் 400 டிகிரி வரை உஷ்ணமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். சிறிய தொழிலதிபருக்கு இது எட்டாக்கனி. மற்றொரு மார்க்கமும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்ஸைடும் பார்மிக் அமிலம் போன்றதோர் அமிலமும் சேர்த்து, 100 டிகிரிக்குக் குறைந்த உஷ்ணத்தில், சாதாரண அழுத்தத்திலேயே எண்ணெயைக் கலக்கினால், கந்தகக் கூட்டுப்பொருள்கள் பிராணவாயுவை ஏற்று ஸல்போன்களாக மாறுகின்றன. இவற்றை அஸிடோநைட்ரைல் போன்ற கரைப்பான் எளிதில் ஈர்த்துக்கொள்ளும். எண்ணெய் தனியே நிற்கும். ஹைட்ரஜனுக்கு எளிதில் மசியாத சில கந்தகப் பொருள்களும் இம்முறைக்கு இணங்குகின்றன.

இதிலுள்ள குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. ஒரு கிலோ கந்தகத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பெராக்ஸைடு செலவாகும். குழம்பு போன்ற எண்ணெயில் மருந்து எளிதில் கலவாது. கரைப்பான் நல்ல எண்ணெயிலும் ஒரு பகுதியை இழுத்துச் செல்லும். பிரிந்த ஸல்போன்களை எரித்துவிட்டாலோ பழைய புகையே திரும்பி வரும். சோதனைச்சாலையில் வெற்றி கண்டதெல்லாம் பட்டறையில் கட்டுப்படியாகிவிடாது.

எனினும் டீசலின் வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. 2016-ல் சர்க்கார் தேதியைக் குறித்தார்கள். அதன் பின்னரே ஆலைகள் விரைந்து பணம் போட்டு வழி கண்டன. முதலில் விதி, பிறகே விஞ்ஞானம் என்பதுதான் அனுபவம். ஆகவே கப்பலுக்குரிய வரம்பையேனும் உலைகளுக்கும் குறிப்பிட்ட தேதியிலிருந்து விதிக்க வேண்டும். அதற்கிடையே, டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகமும் கிண்டியிலுள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொதுவான பரீட்சை ஆலை ஒன்றை நடத்திப் பார்க்கட்டும். இம்முறை கட்டுப்படியானால் ஏற்போம். இல்லையேல் காஸோ மின்சாரமோ அந்த இடத்தைப் பெறட்டும். புகைபோக்கியை உயர்த்தி அடுத்த ஊருக்குப் புகையை அனுப்புவதைப் பரிகாரம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.