உலக ஹாக்கிக் கோப்பையும் நமது கோஷ்டியும்

2026 ஆகஸ்டு மாதத்திற்கென்று குறிக்கப்பட்ட உலக ஹாக்கிக் கோப்பைப் பந்தயத்தை ஹாலந்தும் பெல்ஜியமும் கூடி நடத்துவதென ஏற்பாடாயிற்று. ஹாலந்தில் அதற்குரிய ஸ்தலம் ஆம்ஸ்டெல்வீன். இவ்வூர்ப் பெயர் நமக்குப் புதிதன்று. 1973-ஆம் வருஷத்தில் இதே ஊரில் இறுதி ஆட்டத்தில் நம்மவர் இரண்டு கோல் முந்தி நின்றனர். பின்பு ஆட்டம் சமமாயிற்று. முடிவில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோப்பையை ஹாலந்துக்காரரிடம் இழந்து திரும்பினர். அதற்கு 45 வருஷம் முன்பு, பக்கத்திலுள்ள ஆம்ஸ்டர்டாமில், அன்னியர் ஆட்சியின் கீழிருந்த பாரத நாட்டின் இளைஞர்கள் 29 கோல் அடித்து, ஒரு கோல்கூட வாங்காமல், ஒலிம்பிக் தங்கத்தை வென்றனர். அவற்றில் 14 கோல் தியான் சந்த் ஒருவருடையவை. இவ்விரு நினைவுகளும் நமது ஜனங்களின் மனத்தை இரு பக்கமாக இழுப்பது இயல்பே. ஆனால் கோஷ்டிகளின் பலத்தை எடைபோடுவதற்குப் பழம்பெருமையும் பழைய துக்கமும் உதவமாட்டா.

கண்ணபுரத்து மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கப்போகும் குடியானவர் கொம்பின் அழகை மட்டும் கண்டு துண்டுக்கடியில் விரலைக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்துக் கிடைத்த இரண்டு வெண்கலப் பதக்கங்களைக் கண்டு மகிழும் நாமும், பல்லையும் நடையையும் சற்றுப் பார்த்தல் நலம்.

முதலில் எதிரிகள். ஜெர்மனி 2002, 2006, 2023 ஆகிய வருஷங்களில் கோப்பை கொண்ட தேசம். 2023-ல் புவனேசுவரத்தில் பெல்ஜியத்துடன் 3-3 என்று சமமாக நின்று ஷூட்-அவுட்டில் ஜயித்தது. பின்தங்கினாலும் பதறாமை அவர்களுடைய தனிக்குணம். ஹாலந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தங்கத்திற்குரியது. சொந்த மண்ணில் ஆடும் அனுகூலமும் அதற்கு உண்டு. ஆஸ்திரேலியா 2010-லும் 2014-லும் கோப்பையைத் தொடர்ந்து வென்றது. வேகத்தில் அதற்கு இணை சொல்வது கடினமே எனினும், பாரிஸில் நம்மவர் அதை 3-2 என்று முறியடித்தனர். 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை நாம் வென்றது அதுவே முதல் தடவை.

பெல்ஜியத்தைப் பற்றிச் சிறிது விரித்தே சொல்ல வேண்டும். 2016-ல் ரியோவில் வெள்ளி, 2018-ல் உலகக் கோப்பை, டோக்கியோவில் தங்கம் என்று படிப்படியாக ஏறிய தேசம் அது. அதன் ஜனத்தொகை எவ்வளவு? கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், நீலகிரி ஆகிய நமது ஆறு ஜில்லாக்களின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி ஏறக்குறைய 1 கோடியே 17 லட்சம். பெல்ஜியம் முழுவதும் ஏறக்குறைய அவ்வளவே. கொங்கு நாட்டின் அளவேயான ஜனங்களிலிருந்து உலகத்தை வெல்லும் பதினொருவர் கிடைத்தார்கள் எனில், அந்த ரகசியம் மூளைமுடுக்கெல்லாம் உள்ள கிளப்புகளிலும், அவற்றில் சிறு குழந்தைகள் முதலே பழகும் செயற்கைப் புல்தளங்களிலும் இருக்கிறது.

இனி நமது கோஷ்டி. பாரிஸில் நாம் எட்டு ஆட்டங்களில் அடித்தவை 15 கோல். அவற்றில் 10 கோல் தலைவர் ஸ்ரீ ஹர்மன்பிரீத் சிங் ஒருவர் அடித்தவை. பெரும்பாலும் பெனால்டி கார்னரிலும் ஸ்ட்ரோக்கிலும் கிடைத்தவை. பெனால்டி கார்னர் என்பது எதிரி தன் வட்டத்துக்குள் குற்றம் செய்வதால் கிடைப்பது. கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, வட்டத்தின் முகப்பில் மற்றொருவர் அதை நிறுத்த, மூன்றாமவர் மட்டையோடு இழுத்து வீசுகிறார். தடுக்க நிற்போர் கோல் காப்பவர் உட்பட ஐவரே. இக்கலையில் ஹர்மன்பிரீத் உலகின் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் மூன்றில் இரண்டு பங்கு கோலை ஒரே மட்டையிடமிருந்து எதிர்பார்க்கும் கோஷ்டியைப் பலமுள்ள கோஷ்டி என்பதா, பலமுள்ள ஒருவரைக் கொண்ட கோஷ்டி என்பதா? ஒரே போர்வெல்லை நம்பித் தோப்பு வைத்தவர்களுக்கு இக்கேள்வியின் பொருள் நன்கு விளங்கும்.

2025 ஜூன் மாதத்தில் ஐரோப்பாவில் நடந்த புரோ லீக் ஆட்டங்களில் இதன் பலனைக் கண்டோம். ஹாலந்து, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் ஆகிய தேசங்களிடம் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் நம்மவர் தோற்றனர். அவற்றில் ஆறு ஆட்டங்கள் ஒரே கோல் வித்தியாசத்தில் போனவை. திறமையில் நாம் வெகுதூரம் பின்தங்கவில்லை என்று இதற்கு ஒரு பொருள். கடைசி நிமிஷங்களில் கால் தளர்ந்தபோது களத்தில் இறக்கச் சமமான ஆட்கள் நம்மிடம் இல்லை என்பது மற்றொரு பொருள். இரண்டாவதையே நாம் முக்கியமாகக் கொள்கிறோம். அதே வருஷம் செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியது மெச்சத்தக்கதே. ஆனால் ஆசியாவின் அளவுகோல் வேறு, ஐரோப்பாவின் அளவுகோல் வேறு.

மற்றொரு விஷயம் பலர் கவனத்திற்கு வரவில்லை. 2018 உலகக் கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக், 2023 உலகக் கோப்பை, பாரிஸ் ஒலிம்பிக் ஆகிய நான்கின் இறுதி ஆட்டங்களும் 60 நிமிஷத்தில் முடிவு காணாமல் ஷூட்-அவுட்டிலேயே தீர்ந்தன. 2025 டிசம்பரில் சென்னையில் ஜெர்மானிய இளைஞர்கள் ஸ்பெயினை வென்று ஜூனியர் கோப்பை கொண்டதும் அவ்வாறே. எட்டு விநாடிக்குள் கோல் காப்பவரும் எதிரியும் தனித்து நின்று போராடும் இந்தத் துறையில் ஸ்ரீ ஸ்ரீஜேஷ் நமக்கு அரணாக இருந்தார். பாரிஸில் பத்துப் பேரோடு வெகுநேரம் ஆடியும் பிரிட்டிஷாரை வென்றது அவரால்தான். அப்பந்தயத்தோடு அவர் ஓய்வு பெற்றார். 2023-ல் நியூஸிலாந்திடம் தோற்றுக் கால் இறுதிக்கே போகாமல் நின்றதும் இந்த ஷூட்-அவுட்டில்தான் என்பதை மறக்கலாகாது.

ஆகவே ஜெர்மனி, ஹாலந்து இரண்டையும் நாம் முன்வரிசையில் வைக்கிறோம். பெல்ஜியமும் ஆஸ்திரேலியாவும் அவற்றை அடுத்து நிற்பவை. இந்தியா அரை இறுதிக்கு யோக்கியதையுள்ளது. 1975-ல் கோலாலம்பூரில் பெற்ற கோப்பையை மீண்டும் பெறுமென்று சொல்லப் போதிய ஆதாரம் நம்மிடம் இல்லை.

இக்குறையின் ஒரு பகுதி நமது ஜில்லாவிலேயே இருக்கிறது. 2004-ல் ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய ஸ்ரீ ஆடம் சின்க்ளேர் கோவையில் பிறந்தவர். அவருக்குப் பின் யார் என்று கேட்டால் விரல் மடக்கப் பெயர் கிடைப்பதில்லை. கோவில்பட்டியோ தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரரை அனுப்புகிறது. மில்லும் மோட்டாரும் பம்பும் செய்து செல்வம் கண்ட நமது தனவந்தர்கள் கூடைப்பந்துக்கு அளித்த ஆதரவில் கால்பங்கும் ஹாக்கிக்கு அளித்தாரில்லை. 1976-ல் மான்ட்ரியலில் செயற்கைத் தளம் வந்தது முதல், மண் தரையில் பழகிய பையன் எவ்வளவு சூரனாயினும் அத்தளத்தின் வேகத்தில் திகைக்கிறான். அந்த ஒலிம்பிக்கில் நாமே ஏழாவது ஸ்தானத்திற்கு இறங்கினோம்.

கோவை ஆர்.எஸ். புரத்தில் செயற்கைத் தளம் அமைக்கும் வேலை 2025-ல் நடைபெற்றது. மிகவும் சந்தோஷம். ஆனால் அதில் மாலை வேளைகளில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படும், மட்டையும் காலணியும் வாங்க இயலாதவனுக்கு அவற்றைத் தருவது யார், பொள்ளாச்சியிலிருந்தும் அவினாசியிலிருந்தும் வரும் பையனுக்குப் பஸ் சார்ஜுக்கு என்ன வழி என்பவற்றை அதிகாரிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டுமென்று கோருகிறோம்.