விரல் போனா கணக்கு இருக்கு, மனசுக்கு? விபத்து அதிர்ச்சிக்கு ‘கண் அசைவு’ சிகிச்சை

2024 அக்டோபர் 11. இரவு எட்டரை மணி இருக்கும். கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் இருக்கும் கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பிடித்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. அதோடு செய்தியும் முடிந்துபோனது.

ஆனால் இப்படி உயிர் தப்பியவர்கள் சிலருக்கு அது முடிவதில்லை. தூக்கத்தில் அதே சத்தம், திரும்ப ரயில் ஏறவே பயம், சின்ன சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். ஒரு மாதம் தாண்டியும் இது தொடர்ந்தால் டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்ற கோணத்தில் பார்ப்பார்கள். சிப்காட்டில் பிரஸ் மெஷினில் கை மாட்டியவருக்கும், அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும்கூட இது வரலாம்.

இதற்கான சிகிச்சைகளில் ஒன்றுதான் இ.எம்.டி.ஆர்.

எப்படி செய்றாங்க?

1987-ல் அமெரிக்க உளவியலாளர் ஃப்ரான்சின் ஷாபிரோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இடவலமாக ஓடும்போது மனதை வாட்டிய நினைவின் வேகம் குறைவதைக் கவனித்தார். அங்கே தொடங்கியது இது. அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டே, தெரபிஸ்டின் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்ட வேண்டும். அரை நிமிடம் போல. நிறுத்தி, “இப்போ என்ன தோணுது?” என்று கேட்பார். மறுபடி அதேதான். மொத்தம் 8 கட்டங்கள். எடுத்த எடுப்பில் விரலை ஆட்டமாட்டார்கள். முதலில் ஆளைத் தயார்படுத்துவார்கள். இது ஹிப்னாடிசம் இல்லை. நினைவு அழியாது, அதன் குத்தல் குறையும்.

கண் அசைவுதான் குணமாக்குகிறதா, பயந்த காட்சியைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பச் சந்திப்பதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் பலன் இருப்பதால் 2013-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் பயன்படுத்தினார்கள்.

சிக்கல் எங்கே?

இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம் என்று கணக்கு இருக்கிறது. மன அதிர்ச்சி அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத காயத்தால் எவ்வளவு பாதிப்பு என்று டாக்டர்தான் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரையே பார்க்காதவருக்கு எந்த மதிப்பீடு?

இன்னொன்று, ஒரு அமர்வுக்கே 60 முதல் 90 நிமிடம் ஆகும். பல வாரம் போக வேண்டும். ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு அது சம்பள வெட்டு. ஒடிசா, பீகார் தொழிலாளிக்கோ தன் மொழியில் பேச ஆள் வேண்டும்.

என்ன செய்யலாம்?

டெலி-மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், பல மொழிகளில். அங்கே இந்தச் சிகிச்சை நடக்காது, ஆனால் யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளலாம். எல்லா அரசு மருத்துவமனையிலும் இது கிடைக்கும்னு நினைச்சிடாதீங்க. பயிற்சி பெற்றவரா என்று கேட்டுவிட்டே போங்க. வீடியோ பார்த்து வீட்டில் தனியாக முயற்சி செய்வது மட்டும் வேண்டாம். கிளறிவிட்ட நினைவை அடக்க அப்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். டாக்டரைப் பார்த்தால் சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரமா வைங்க. இழப்பீடு கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.