பழவேற்காட்டில் பாடு யாருக்கு, பணம் யாருக்கு?

பி.காம். பாடப் புத்தகங்களில் ஒரு கதை தவறாமல் வரும். பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு மாட்டை விட்டால் கடைசியில் புல்லே மிஞ்சாது. அதனால் நிலத்தைத் தனியாருக்கு விற்க வேண்டும், இல்லை அரசாங்கம் வேலி போட வேண்டும். 1968-இல் காரெட் ஹார்டின் சொன்னது. இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் சென்னைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், வடக்கே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் இந்தக் கதை பொய் என்று காட்டும் ஓர் ஏரி இருக்கிறதென்று?

பழவேற்காட்டில் அதற்குப் பெயர் பாடு. இறால் நிறைய விழும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே கழி ஊன்றி வலை கட்ட எல்லோருக்கும் ஆசை. அதனால் உரிமை உள்ள கிராமத்தார் சீட்டுக் குலுக்கி, யார் எந்த இடத்தில், எந்த நாளில் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் விழலாம். கலெக்டர் கிடையாது, டெண்டர் கிடையாது. (மையக் கம்ப்யூட்டர் இல்லாமல் ஆளுக்காள் பேசிப் பங்கு பிரித்துக்கொள்ளும் சிஸ்டம் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளும் இன்ஜினியரிங் நண்பர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம் :-)) இந்த மாதிரி ஏற்பாடுகளை உலகம் முழுக்க ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இப்படிக் குலுக்கல் முறை உண்டு.

சரி, இத்தோடு கை தட்டிவிட்டுக் கிளம்புபவர்கள்தான் அதிகம். பிரச்சினையே அங்கேதான்.

முதலாவது, சீட்டில் யார் பெயர் இருக்கிறது? கோட்டைக்குப்பம் போன்ற சில பட்டினவர் கிராமங்களுக்குத்தான் பாடு. அதிலும் தலைக்கட்டு என்றால் ஆண். முட்டியளவு தண்ணீரில் ஊர்ந்து, கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்ணுக்குப் பாடும் இல்லை, சீட்டும் இல்லை. நியாயம் என்பது ஜாதி எல்லையோடு நின்றுவிட்டால் அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கலாமா?

இரண்டாவது விலை. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. தண்ணீரை இவ்வளவு ஒழுங்காகப் பங்கு வைத்தவர்கள், கரையேறியதும் விலையை வியாபாரியிடம் விட்டுவிடுகிறார்கள். காரணம் அட்வான்ஸ். வலைக்கும் படகுக்கும் வியாபாரி பணம் தருகிறார், வட்டி கேட்பதில்லை. பதிலுக்குப் பிடித்ததையெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும்.

வட்டியில்லாக் கடனாம்! ஒரு கற்பனைக் கணக்கு: அட்வான்ஸ் 20,000 ரூபாய். கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்து எடுக்கிறார். முறை வரும் நாள் மாதத்துக்கு 10, நாளைக்கு 4 கிலோ. மாதம் 2,000 ரூபாய் போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. வருஷத்துக்கு 120 சதவீதம்! கந்துவட்டிக்காரர் கூட இதைக் கேட்டால் வெட்கப்படுவார்.

"வியாபாரி இல்லாவிட்டால் ஐஸ் யார் தருவார், அவசரத்துக்கு யார் தருவார்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஐஸுக்கும் வண்டிக்கும் ரிஸ்க்குக்கும் கூலி வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? அந்தக் கூலி எவ்வளவு என்று மீனவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அநியாயம்.

நார்வேயில் 1938-இலேயே சட்டம் போட்டு, முதல் விற்பனையை மீனவர் சங்கங்களின் கையில் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1980-இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கேரளாவிலும் கன்னியாகுமரியிலும் இதையே செய்தது. சங்கமே கரையில் ஏலம் விடும், விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்ளும். வியாபாரி வரலாம், ஆனால் மற்றவர்களோடு போட்டி போட்டு வாங்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கத் தெரிந்த பழவேற்காட்டுப் பஞ்சாயத்துக்கு ஏலம் விடத் தெரியாதா? அந்த ஏலத்தில் இருளர் பெண்ணின் பறியையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். பாடு உள்ளவர் இறால், இல்லாதவர் இறால் என்று வாங்குபவர் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. பிரிப்பது பஞ்சாயத்து மட்டும்தான்.